ஐந்து மூலைக் கல்

அன்றைக்கு அந்தக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்திருந்த கொரியாக்காரர்கள் பத்துப் பேர், அவர்களுக்கு வேன் ஓட்டிய கூடுவாஞ்சேரி டிரைவர், பிறகு நான். வேறு யாரும் இல்லை. எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கல்லுக்கு மெருகேற்றும் வேலையில் இருந்தேன். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். பந்து தவறிவிடுமோ என்று பயந்து பயந்தே ஒன்றையும் தவறவிடாதவன். அதைப் பார்த்துவிட்டுத்தான் டிரைவர் வந்து கேட்டார்.

“இன்னாபா, பேஸ்பால்னு ஒண்ணு ஆடுறாங்க. மட்டைக்குப் பின்னால குந்திகினு பந்தப் புடிக்கணும். ஞாயித்துக்கெழமைக்கு நூத்தம்பது ரூபா. வர்றியா?”

“பந்து மூஞ்சில பட்டா?”

“அதுக்குத்தான் கம்பி வச்ச முகமூடி தர்றாங்க. உன் மூஞ்சிக்கு அதுவே தேவல.”

ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். பந்தைப் பிடிக்க மட்டும் இரண்டு பக்கத்துக்கும் நானே. அடித்தவன் மூன்று மணல்மூட்டைகளைச் சுற்றி ஓடிவந்து, என் முன்னால் இருக்கும் இடத்தைத் தொட்டால் ஒரு ஓட்டம். அதற்குள் நான் பந்தோடு அவனைத் தொட்டுவிட்டால் அவுட். அந்த இடத்தில் ஒரு சிமெண்டுச் சாக்கை விரித்திருப்பார்கள். கடற்காற்றில் அது நிற்காது. தொட்டானா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை.

அவர்களில் இளையவன் ஒருவன், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அவன்தான் அட்டையில் ஐந்து மூலை வரைந்து, சாக்குக்குப் பதில் இப்படி ஒன்று வேண்டும் என்று காட்டினான். கல் வேலை செய்பவனுக்கு வேறென்ன தோன்றும்? கருங்கல்லில் வெட்டி, பளபளவென்று மெருகேற்றி, அடுத்த வாரமே கொண்டுபோனேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள். இளையவன் அந்தச் சந்தோஷத்தில் நான்கு வாரக் கூலி அறுநூறு ரூபாயை முன்பணமாகவே என் கையில் வைத்து மூடினான்.

கல்லைத் தரையோடு தரையாகப் பதித்திருக்கலாம். மணல் மூடிவிட்டால் மறுபடி சண்டை வருமே என்ற கவலை எனக்கு. ஒரு விரல் உயரம் தூக்கிப் பதித்தேன்.

அன்றைக்கே அந்த இளையவன் ஓடிவந்தான். தூரத்திலிருந்து எறிந்த பந்து என் கையில் விழவும், அவன் தலையை முன்னே நீட்டிப் பாய்ந்து மணலில் சறுக்கி வரவும் சரியாக இருந்தது. பந்தோடு அவன் தோளைத் தொட்டேன். “அவுட்!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் முகமூடிக் கம்பி வழியாகக் கீழே பார்த்தேன். அவன் முகம் கல்லின் மூலையில் கிடந்தது. கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம்.

வேன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தோப்பில் தனியாக நின்று கல்லைத் தோண்டி எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து டிரைவர் வந்தார்.

“அவன ஊருக்கு ஏத்தி வுட்டாங்கபா. ஆட்டமெல்லாம் இனிமே கெடையாது.”

“கண்ணு நல்லா கீதா, அண்ணாத்த?”

“எனக்கு இன்னா தெரியும்? கட்டு போட்டுகினு போனான். வுடு, நீயா தள்ளுன?”

“கல்லு என்னுது.”

அவர் பீடியைப் பற்றவைத்தார்.

கல்லை உடைக்கப் பயம். வீட்டுக்குப் பின்னால் ஆழமாகத்தான் புதைத்தேன். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஒரு மூலை எட்டிப் பார்க்கும். மண்ணை அள்ளிப் போட்டு மூடுவேன். தெருவில் பிள்ளைகள் “அவுட்” என்று கத்தினால் இன்றும் முதலில் அவர்கள் கண்களைத்தான் பார்க்கிறேன்.

அவன் பெயர் என் வாயில் நுழையாது, கேட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நான்கு வாரத்துக்கு வாங்கினேன், ஒரு வாரம்தான் ஆடினேன். அவனுக்கு நான் தர வேண்டியது நானூற்றைம்பது ரூபாய்.