வலப்பக்கம் விழுந்த பூவும் நான் நிறுத்திய மாத்திரையும்

அம்மனை நம்பி வாழ்கிற உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் தங்கை மகனுக்குக் காது குத்திய அன்று, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருக்கும்போதே, குழந்தையை இன்னொருவர் மடியில் உட்கார வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று உங்களுக்குத் தெரியும். காரணம் என் கைகள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. கொழந்தைக்குத் தொத்திக்குமோன்னு அவிங்க ஊட்டுல பயப்படறாங்க. பெரியப்பா பையன் மடியில வெச்சுக்கட்டுங்களா?" என்று தங்கை கவிதா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். சரி அம்மணி என்றேன். சீர்த்தட்டைக் கையுறை போட்ட கையால் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நாற்பதை நெருங்குகிற ஆம்பளை, சமையல்காரர்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன்.

எனக்கு ஊர் அன்னூர்ப் பக்கம். வேலை கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு லேத் பட்டறையில். லேத்தில் இரும்பு கடையும்போது சூடு ஏறாமல் இருக்க வெள்ளையாக ஒரு எண்ணெய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். கூலண்ட் என்போம். பதினாறு வருடம் அதில் கை நனைத்தவன் நான். முதலில் விரல் இடுக்கில் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம் வந்தது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை. பேருந்துக் கம்பியில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வீடு வந்து சேர்வேன். அப்புறம் தோல் தடித்து வெடித்தது. பாதத்திலும் ஆரம்பித்தது. சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ரேகையே அழிந்துபோய், பட்டறையில் வருகை பதிகிற மெஷின் என் விரலை ஏற்கவில்லை. ரேஷன் கடையிலும் இதே கதை. ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன், பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் நான்தான் என்று சொல்ல என் கையிலேயே சாட்சி இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸிமா என்றார். நம் ஊரில் கரப்பான் என்போமே, அதுதான். "இது யாருக்கும் தொத்தாதுங்க. ஆனா லேசுல விட்டும் போகாது. கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்" என்றார். பூச ஒரு மருந்து, தோல் காயாமல் இருக்க ஒரு களிம்பு, சாப்பிட ஸ்டீராய்டு மாத்திரை. பல மாதம் சாப்பிட்டேன். கை கொஞ்சம் ஆறும், அளவைக் குறைத்தால் மறுபடி கிளம்பும். முகம் மட்டும் பன்னு மாதிரி உப்பிவிட்டது. "என்ன மாப்ளே, மாமியா ஊட்டுச் சாப்பாடு ஒத்துக்குச்சாட்ட இருக்குது" என்று பட்டறையில் கிண்டல் செய்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வீட்டில் மனைவி மல்லிகா மேல் அதைக் காட்டுவேன். அவள்தான் சோறு பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டவள். அவளிடம்தான் கத்தினேன்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டில் சிவப்பு மையால் ஒன்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நான் சொல்கிறபடி குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று. அதைப் பல தடவை படித்திருக்கிறேன். படித்தும் என்ன பிரயோசனம்?

காதுகுத்து முடிந்த அடுத்த மாதம், பங்குனியில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கிளை பிரிந்த மரத்தைக் கம்பம் என்று கோயில் முன்னால் நட்டு, பதினைந்து நாள் ஊரே அதற்குத் தண்ணீர் ஊற்றும். கம்பம் நிற்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் தாளிக்க மாட்டோம். ஊர் எல்லை தாண்டிப் போனாலும் இரவு தங்காமல் திரும்பிவிடுவோம்.

கம்பம் நட்ட அன்று காலையில் நான் பூ கேட்டேன். அம்மன் சிலையின் இரண்டு பக்கமும் பூசாரி பூவை ஈரத்தோடு ஒட்டவைப்பார். மனதில் நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் அம்மன் சம்மதம். 'தாயே, என் கையும் காலும் குணமாகுமா?' என்று நான் கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். ரொம்ப நேரம் ஒன்றும் விழவில்லை. அப்புறம் வலப்பக்கத்திலிருந்து சரசரவென்று அரளிப்பூ விழுந்தது. கோயில் என்றும் பார்க்காமல் சத்தமாக அழுதுவிட்டேன்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். அம்மனே குணப்படுத்துகிறேன் என்ற பிறகு மாத்திரை போட்டால் அவள் வாக்கைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா? அம்மை போட்டால் மருந்து கொடுக்காமல் வேப்பிலையில் படுக்க வைக்கிற ஊரில் பிறந்தவன் புத்தி வேறெப்படிப் போகும்? மாத்திரை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். இந்த வருடம் பூவோடு என்கிற தீச்சட்டியை வெறுங்கையில் ஏந்துகிறேன் என்றும் வேண்டிக்கொண்டேன். "ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று மல்லிகா தினமும் கேட்பாள். போட்டாச்சு என்பேன். விரதத்தில் இருந்துகொண்டு வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பாதத்தை ஊன்ற முடியவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினேன். வெடிப்பில் இறங்கி நெருப்பாக எரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அம்மா எறங்கி வந்திருக்கறா, ஒண்ணும் பண்ணாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ஆறாம் நாள் குமட்டல். சோறு கண்டால் வாந்தி. ஏழாம் நாள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தைத் தூக்கினேன், கண் இருட்டி அங்கேயே விழுந்தேன். இரண்டு பேர் தூக்கிவந்து கட்டிலில் போட்டார்கள். எட்டாம் நாள் காலையில் தலையைத் தூக்கவே முடியவில்லை. உடம்பில் இருந்த பலத்தை யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

அன்று விளக்குப் பற்றவைக்கப் போன மல்லிகா படத்தைத் துடைத்தாள். அட்டை கீழே விழுந்தது. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"இத யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"அம்மா சொன்னா. பூ குடுத்துட்டா."

அவள் என்னிடம் வாதாடவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "நிறுத்தி எத்தனை நாளாச்சு? எட்டு நாளா? உயிருக்கே ஆபத்தும்மா! உடனே கூட்டிட்டு வாங்க, அட்மிட் பண்ணணும்" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. அப்போதும் என் வீம்பு போகவில்லை.

"கம்பம் நிக்குது. எல்லை தாண்டி ராத்தங்க மாட்டேன். செத்தாலும் இங்கயே சாவறேன்."

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தலையை அள்ளி முடிந்துகொண்டு, செருப்புகூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினாள்.

நான் தனியாகக் கிடந்தேன். வெளியில் பங்குனி வெயில். எங்கள் மகள் யாழினி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வா கண்ணு என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கோயில் இருக்கிற திசையில் முகத்தைத் திருப்பினேன். 'தாயே, நீ சொன்னதைத்தானே செய்தேன்? எதற்கு என்னை இப்படிப் போட்டு வதைக்கிறாய்? நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று யார் வாயிலாவது சொல்லு. சொல்ல மாட்டாய் என்றால் இப்போதே எடுத்துக்கொள். என் பொண்ணு முன்னால் மட்டும் வேண்டாம்.' இதுதான் நான் வேண்டியது. கை குணமாக வேண்டும் என்றுகூட அன்று கேட்கவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். மல்லிகா பூசாரி நாச்சிமுத்துவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாச்சிமுத்து பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். எனக்குப் பூ கேட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஈர வேட்டியோடு கட்டிலருகே உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, அன்னைக்கு அம்மாகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"கை கால் குணமாகுமான்னு கேட்டேன்."

"குணமாகும்னு பூ குடுத்தா. மாத்திரைய நிறுத்தட்டுமான்னு கேட்டீங்களா?"

நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

"கேக்கவே இல்லீங்களே. அப்பறம் அவ எப்பங்க நிறுத்தச் சொன்னா?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அவர் இடுப்பு வேட்டி மடிப்பை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "சுகர் மாத்திரைங்க. இதப் போட்டுட்டுத்தான் பதனஞ்சு நாளும் அவளத் தொட்டுப் பூசை பண்றேன். எம்மேல கோவிச்சுக்கிட்டாளா என்ன?"

"எல்லை தாண்டக் கூடாதே" என்று முனகினேன்.

"அந்தக் கட்டு ஊரு நல்லா இருக்கோணும்னு போட்டதுங்க. நீங்க இங்க கண்ண மூடிட்டீங்கன்னா, பொணத்த எடுக்கற வரைக்கும் கம்பத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த முடியாது. அம்மாள பட்டினி போடத்தான் விரதம் இருந்தீங்களா? கெளம்புங்க. உங்க பங்குத் தண்ணிய நா ஊத்திப்போடறேன்."

சொல்லிவிட்டுக் கொண்டுவந்த தீர்த்தத்தை என் வாயில் ஊற்றினார். மல்லிகா மாத்திரையை வைத்தாள். விழுங்கினேன். யார் வாயிலாவது சொல்லு என்று கேட்டேன், கேட்ட சூட்டோடு சொல்லிவிட்டாள். இதை வேறு என்னவென்று நான் நினைப்பது?

பக்கத்து வீட்டுக் காரில் கோயம்புத்தூர் போனோம். வழியிலேயே நினைவு தப்பிவிட்டது. ஊசியும் குளுக்கோஸும் ஏற்றி இரண்டு நாள் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தேன். டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். வெளியில் இருந்து மாத்திரை வருகிறதே என்று உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்குமாம், சட்டென்று நிறுத்தியதால் ரத்த அழுத்தம் அடியோடு இறங்கிவிட்டதாம். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க. சாமி கும்பிடுங்க, யாரு வேண்டாம்னாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கும்பிடுங்க" என்றார். பூவோடு எடுக்கிற அன்று நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். ஊர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. என் கரப்பான் முழுசாகப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பழைய மாத்திரையை டாக்டரம்மா பல மாதம் எடுத்துக் குறைத்து நிறுத்தினார். இப்போது வேறு மாத்திரை, அதற்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பட்டறை முதலாளி என்னை லேத்திலிருந்து எடுத்து, செய்த உருப்படியை அளந்து பார்க்கிற வேலையில் போட்டார். கூலண்டில் கை படுவதில்லை. குளிர் நாளில் குதிகால் வெடிக்கத்தான் செய்கிறது. களிம்பு பூசிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறேன். ஆனால் என் சோற்றை நானே பிசைந்து சாப்பிடுகிறேன். மல்லிகாவிடம் கத்துவதை விட்டுவிட்டேன். பெரும்பாலும்.

இந்த வருட நோம்பியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கோயில் வாசலில் எல்லோரும் பார்க்கவே என் மாத்திரையைப் போட்டேன். மூன்று வருடமாக இப்படித்தான், ஒளிவு மறைவே கிடையாது. நோம்பிக்கு வந்திருந்த தங்கை கவிதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கிச் சோர்ந்திருந்தாள். தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"தைராய்டு மாத்திரைங்கண்ணா. கம்பம் நட்டதுல இருந்து போடல. இன்னொரு கொழந்தைக்கு வேண்டியிருக்கறேன், அதுதான் விட்டுப்போட்டேன்."

நாச்சிமுத்து என்னிடம் கேட்டதையே அவளிடம் கேட்டேன். "அம்மா எப்ப அம்மணி நிறுத்தச் சொன்னா?"

அவள் கண் கலங்கியது. டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள், இன்றே மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில்தான் இருந்தாள். ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பு என் கையில் இருந்தது. கீழே வைத்து, நீயே எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். பழக்கம் அப்படி. அதற்குள் அவள் குனிந்து இரண்டு கையையும் குவித்து என் முன்னால் நீட்டினாள். ஊற்றினேன். என் தழும்பு விரல்களை நனைத்துக்கொண்டு தண்ணீர் அவள் கைக்குள் இறங்கியது. அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

குணமாகுமா என்று நான் கேட்டதற்கு அம்மன் இந்த வருடம்தான் பதில் சொல்லி முடித்தாள் என்று நம்புகிறேன்.

உங்களில் யாராவது சாமி படத்துக்குப் பின்னால் மாத்திரையைச் செருகி வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்து டாக்டரிடம் பேசுங்கள். அம்மனிடம் மனதாரக் கேளுங்கள், அழுது கேளுங்கள், கட்டாயம் கொடுப்பாள். அவள் சொல்லாததை மட்டும் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பங்குனியில் எங்கள் ஊருக்கு வாருங்கள். கம்பத்தருகே செம்போடு நிற்பேன். உங்கள் மாத்திரையைக் கொண்டுவாருங்கள், தண்ணீர் நான் ஊற்றுகிறேன்.