கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ

பாசிர் கூடாங்கில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ரூஸ்னா என்ன? பொய்யா?"

பொய் இல்லை. பொய்யைச் சும்மாகூடச் சொல்லலாம். ரூஸ் என்பது காரியம் சாதிக்கப் போடும் தந்திரம். எதிரே இருப்பவர் அதை நம்பி ஏதாவது செய்தாக வேண்டும். கதவைத் திறக்க வேண்டும், கிளம்பி வர வேண்டும். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவன்போல நடித்து வீட்டுக்குள் நுழையும் திருடனை உதாரணம் சொன்னேன். மனதில் முதலில் வந்தது அவனல்ல, என் அக்கா.

நம் ஆட்கள் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். கேட்டவன் பதறிப்போய் வண்டியை எதிலாவது மோதிவிடுவான் என்று பயம். அப்பா இறந்தபோது எங்கள் ஊரான லாபிஸிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ. சத்தியமா ஒண்ணும் இல்லலா தம்பி. சாப்பிட்டுட்டு மெதுவா வா."

சாப்பிட்டேன். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன தீபாவளிக்கு முன்பு அக்கா மறுபடி கூப்பிட்டாள். "தம்பி, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலடா. வந்துட்டுப் போ."

சூடு கண்ட பூனை நான். எதுவும் கேட்கவில்லை. நேரே பூக்கடைக்குப் போய்ப் பெரிய ரோஜா மாலை கேட்டேன். "கோயிலுக்கா, சாவு வீட்டுக்கா?" என்றார் கடைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரே புரிந்துகொண்டு கட்டிக் கொடுத்தார். லாபிஸ் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன்.

வாசலில் கூடாரம் இல்லை. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வெறும் காய்ச்சல்.

"யாருக்குடா மாலை?"

"கோயிலுக்கும்மா."

அம்மா மாலையையே பார்த்தாள். அப்பாவுக்கு விழுந்த மாலைகளையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். "நல்லாப் பெரிய மாலையாத்தான் வாங்கியிருக்க" என்றாள். பிறகு கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

இனி உண்மையை மட்டும் சொல் என்று அக்காவிடம் சத்தம் போட்டேன். இப்போதெல்லாம் அம்மாவுக்கு அடிக்கடி முடியாமல் போகிறது. அக்காவும் கூப்பிடுகிறாள். "சத்தியமா காய்ச்சல்தான் தம்பி. சாப்பிட்டுட்டு மெதுவா வா." அப்பா போன அன்றும் அவள் சத்தியம்தான் செய்தாள்.

ஒவ்வொரு தடவையும் சந்தையில் வண்டியை நிறுத்துகிறேன். ஒரு பக்கம் பழக்கடை, எதிரே பூக்கடை. நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு கிளம்புகிறேன். பயமாக இருக்கிறது.

நான் உள்ளே நுழைந்ததும் அம்மா முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறாள்.