மகாமூளையை வரைந்த கை

மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் பின்போர்ஷனில் குடியிருந்த தனபாலன், பார்வைக்கு ஒரே ஆள்தான். ஒல்லி உடம்பு, லேசான கூன், சட்டைப் பையில் துவைத்தும் போகாத மைக்கறை. ஆனால் பஸ் ஏறியதும் இரண்டு ஆளாகிவிடுவார். மயிலாப்பூரில் இறங்கினால் திலகன். தி. நகரில் இறங்கினால் மதி. இரண்டு பேருக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் மட்டும் ஒன்றுதான்.

மயிலாப்பூரில் சங்கரன் நடத்திய சித்திரக்கதைப் பத்திரிகைக்கு வஜ்ரபாகுவை வரைந்தவர் திலகன். வஜ்ரபாகு முஷ்டியை மடக்கினால் மலை மாவாகும். ரங்கநாதன் தெருவில் தன் ஜவுளிக்கடையின் மேல்மாடியில் சண்முகசுந்தரம் அண்ணாச்சி நடத்திய பத்திரிகைக்குச் சூறாவளிச் செல்வனை வரைந்தவர் மதி. சூறாவளிச் செல்வன் பறப்பான். இறக்கை இல்லாமல் எப்படிப் பறக்கிறான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற ஆள் சித்திரக்கதை படிக்கமாட்டான்.

வேறு எங்கும் வரையக் கூடாது என்பது சங்கரன் போட்ட நிபந்தனை. மயிலாப்பூர்க்காரர்களுக்கு வரைகிறவன் நமக்கு வேண்டாம் என்பது அண்ணாச்சியின் கொள்கை. ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பது தனபாலனின் நிலைமை. ஆகவே வஜ்ரபாகுவுக்குத் தடித்த பிரஷ், சூறாவளிக்கு மெல்லிய நிப் என்று கையைப் பிரித்துக்கொண்டார். ஆறு வருஷமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அடையாறிலிருந்து ஒரு பையன், 'மதி ஐயாவின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத் திலகன் பிரஷ்ஷை எடுக்கட்டும்' என்று எழுதியிருந்தான். தனபாலன் அன்று குளிக்கும்போது தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வணங்கும்படி அதில் ஒன்றும் இருக்கவில்லை.

விஷயம் தெரிந்தது அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு மட்டும்தான். அவள் அண்ணன் வெள்ளைத்துரைக்கு நங்கநல்லூரில் மளிகைக்கடை. அவர் காதில் விழுந்த விஷயம் மறுநாளே ஊருக்கெல்லாம் பொட்டலமாகப் போகும் என்பதால் அவரிடம் மூச்சு விடவில்லை. அவர் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"மாப்ள, படம் வரையுதேன் படம் வரையுதேங்கீரே, எங்க, உம்ம பேரு போட்டிருக்க புஸ்தகம் ஒண்ணக் காட்டும் பாப்போம்."

"வரும் மச்சான்."

"நானுந்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். எங்க கடைப்பையன் பேரே போர்டுல இருக்கு."

அவர் போனபிறகு தங்கபுஷ்பம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். தம்ளரைக் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

எழுபத்து நாலாம் வருஷம் காகிதப் பஞ்சம் வந்தது. தீபாவளி மலர் போட இரண்டு பத்திரிகையிடமும் போதுமான காகிதம் இல்லை. ஜென்ம விரோதிகள் இருவரும் பனகல் பார்க் பக்கத்தில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து பேசி, சேர்ந்து ஒரே மலராகப் போடுவது என்று முடிவு செய்தார்கள். வஜ்ரபாகுவும் சூறாவளிச் செல்வனும் கைகோத்து ஒரு யந்திர மூளையை எதிர்க்கும் கதை. இந்தச் செய்தியைத் தனபாலன் இரண்டு இடத்தில் இரண்டு முறை புதிதாகக் கேட்டு, இரண்டு முறையும் ஆச்சரியப்பட வேண்டியிருந்தது.

"கேளும் திலகன்," என்றார் சங்கரன். "கிண்டில ஒரு விஞ்ஞானி, ஊர்ல இருக்கிற ரயிலையும் பஸ்ஸையும் நேரத்துக்கு ஓட்டறதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் பண்றான். மகாமூளைன்னு பேர். அது யோஜனை பண்ணிப் பாக்கறது. ஜனங்க ஏறி இறங்கறதாலதானே வண்டியெல்லாம் லேட்டாறது? ஜனங்களே இல்லேன்னா? அவ்வளவுதான், ஊரையே ஒழிச்சுக் கட்டக் கிளம்பிடறது."

"நல்லாயிருக்கு சார்."

"கண்டிஷன் எல்லாம் கறாராப் பேசிண்டு வந்திருக்கேன். நம்ம வஜ்ரபாகுவை அவா ஆள் காப்பாத்தப்படாது."

அன்று சாயங்காலமே தி. நகரில் அண்ணாச்சி சொன்னார்: "நம்ம சூறாவளிய அவங்க ஆளு காப்பாத்தப்படாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன் வே. ஒருத்தன் அழுது இன்னொருத்தன் தேத்தப்படாது. ஒருத்தன் முன்னால நின்னு இன்னொருத்தன் மறையப்படாது. சினிமாவுல ரெண்டு பெரிய நடிகரு சேர்ந்தா பாக்கோம்லா, அந்த மாதிரி."

பிறகு இருவருமே வேறு வேறு வார்த்தையில் ஒரு விஷயம் சொன்னார்கள். இது விசேஷ மலர் என்பதால் முதல் பக்கத்தில் ஓவியர்கள் இரண்டு பேரின் போட்டோவும், புனைபெயரோடு சொந்தப் பெயரும் போடப்போகிறார்கள்.

தனபாலன் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் ஒரே யோசனை. பக்கங்களை முடித்துக் கொடுத்து, தகட்டில் பிளாக் எடுத்து அச்சுக்கு ஏறியபிறகு உண்மையைச் சொல்லிவிட வேண்டியது. அப்போது தூக்கியெறிய முடியாது. இரண்டும் ஒரே கை என்று தெரிந்தால் கோபப்படுவார்கள், திட்டுவார்கள். கடைசியில் பெயரைப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

"போடுவாங்களா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"போடாம? வரைஞ்சது நான்தானே?"

அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "அண்ணனுக்கு ரெண்டு புஸ்தகமா வாங்கி வைங்க. ஒண்ணு கடையில தொங்கவிடட்டும்."

வேலை ஆரம்பமானது. ஒவ்வொரு பக்கத்திலும் அவரவர் ஆள் அவரவர் வீரனை வரைய வேண்டும் என்பது ஏற்பாடு. மயிலாப்பூரில் திலகன் வஜ்ரபாகுவை வரைந்து கொடுக்க, பியூன் பொன்னுரங்கம் அதைச் சைக்கிளில் தி. நகருக்குக் கொண்டுபோவான். அங்கே மதி, சூறாவளியை வரைந்து திருப்பி அனுப்ப வேண்டும். சைக்கிளுக்கு முன்னால் போய்ச் சேரத் தனபாலன் பஸ்ஸில் தொங்கினார். ஒருநாள் மேல்மாடியில் மேல்மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னா நைனா இது? இப்பத்தான அங்க உங்கையாண்ட வாங்கிக்கினு வந்தேன்?"

தனபாலன் வாயில் விரலை வைத்தார்.

"அப்ப அனுப்புறதும் நீதான், வாங்குறதும் நீதான். நடுவுல நான் எதுக்கு நைனா மிதிச்சிக்கினு கீறேன்?" கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "சரி, நாளையிலேந்து கேரியர்ல குந்திக்கோ. பஸ் காசாவது மிஞ்சும்."

அதுமுதல் ஓவியரும் ஓவியமும் ஒரே சைக்கிளில் போய்வந்தார்கள்.

பக்கம் திரும்பும்தோறும் தகராறு. எதிராளியின் தோள் நம் ஆளைவிட அகலமாகத் தெரிகிறதே என்பார் சங்கரன். திலகன் தோளை ஏற்றுவார். தலை அவனுக்கு மேலே போகிறதே என்பார் அண்ணாச்சி. மதி தலையை உயர்த்துவார். இப்படியே வளர்ந்து வளர்ந்து, பாதிக் கதைக்கு மேல் வீரர்கள் இருவரும் எல்.ஐ.சி. கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்றால் அதற்குக் கூச்சம் வரும் அளவில் இருந்தார்கள். தனபாலன் தன்னோடு தானே போட்டி போட்டு, இரண்டு பக்கமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

இந்த ரகளையில் மகாமூளையை யார் வரைவது என்று ஒருவரும் பேசவில்லை. வில்லன்தானே, அந்தப் பக்கத்து ஆள் வரைந்து தொலையட்டும் என்று சங்கரன் நினைத்தார். அண்ணாச்சியும் அதையேதான் நினைத்தார். ஆகவே அது யாருடைய ஆளும் இல்லை. தோளை ஏற்று, தலையை உயர்த்து என்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தனபாலன் தன் இஷ்டத்துக்கு வரைந்தார். பிரஷ்ஷும் நிப்பும் ஒன்றாகவே அதில் வேலை செய்தன. வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும்போது சுருங்கி விரியுமே ஒரு பச்சைக் கண், அதைப்போல ஒற்றைக் கண் வைத்தார். அந்தக் கண்ணின் கோடு மட்டும் சும்மா இருக்காமல் லேசாக நடுங்கியது. பார்த்தால் பயமாகவும் இருந்தது. ஊரில் ஒரு வண்டியும் நேரத்துக்கு வராமல் காத்திருந்து காத்திருந்து கெட்டுப்போன ஒரு மனுஷனைப்போலப் பாவமாகவும் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் கதை முட்டிக்கொண்டது. மகாமூளையை யார் உடைப்பது? வஜ்ரபாகு உடைத்தால் தி. நகர் ஒப்பாது. சூறாவளி உடைத்தால் மயிலாப்பூர் ஒப்பாது. சேர்ந்து குத்தலாம் என்றால் யார் கை முதலில் படுவது என்று ஒரு வாரம் போனது. கடைசியில் தனபாலனே ஒரு வழி சொன்னார். வீரர்கள் இருவரும் கையை ஓங்கி நிற்கும்போது மின்வெட்டு. கரண்ட் போய் மகாமூளை அணைந்துவிடுகிறது. அந்த வருஷம் தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்ததால் நம்பும்படியாகவும் இருந்தது. இரண்டு முதலாளிகளுக்கும் பரம சந்தோஷம். உலகம் பிழைத்தது, ஒருவர் மானமும் போகவில்லை.

அச்சு ஓட ஆரம்பித்த அன்று, கடைசியாக அச்சேற வேண்டிய முதல் பக்கத்துக்காக லஸ்ஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓவியர்கள் இருவரையும் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. சங்கரனும் அண்ணாச்சியும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். தங்கபுஷ்பம் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்த சட்டையில் தனபாலன் உள்ளே நுழைந்தார்.

"வாங்கோ திலகன்," என்றார் சங்கரன்.

"வாரும் மதி," என்றார் அண்ணாச்சி.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. பிறகு முதலாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

தனபாலன் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "ரெண்டும் நான்தான் சார். மகாமூளையும் நான்தான் அண்ணாச்சி," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவர்கள் திட்டவில்லை. மூலையில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஆறு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை. திரும்பி வந்தபோது சங்கரன் முகத்தில் கருணைகூட இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதேயும். ரெண்டு கோஷ்டியும் அடிச்சுண்டாத்தான் ரெண்டு பத்திரிகையும் ஓடும். ஒரே ஆள்னு தெரிஞ்சா படிக்கறவா மனசு விட்டுடுவா."

"வேலையில மாத்தமில்ல வே," என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பக்கமும் வரையும். நாங்க ஒண்ணும் கேக்கமாட்டோம். பேரு மட்டும் வேண்டாம்."

"அந்த யந்திரத்துக்காவது என் பேரைப் போடுங்களேன். ஒரு ஓரத்துல."

சங்கரன் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது கண் பளபளத்தது. "யந்திரத்தை யந்திரமே வரைஞ்சுதுன்னு போட்டா என்ன? ஜப்பான்லேர்ந்து மெஷின் வந்திருக்குன்னு."

"பிரமாதம்," என்றார் அண்ணாச்சி.

நாற்காலி காலியாக இருக்கக் கூடாதே. அண்ணாச்சிக்குக் குடை பிடித்து வந்த கடை சேல்ஸ்மேன் பொன்ராஜ் மதியாகி உட்கார்ந்தான். அபிராமபுரத்திலிருந்து சங்கரனின் மைத்துனர் சுப்பராமன், பாங்க்குக்குக் கிளம்பிய கோலத்திலேயே வந்து திலகனானார். வெளிச்சம் பற்றவில்லை என்று ஸ்டூடியோக்காரர் ஒரு பெரிய வெள்ளை அட்டையைச் சும்மா நின்றிருந்த தனபாலன் கையில் கொடுத்து, "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க சார்," என்றார். தூக்கிப் பிடித்தார். பொன்ராஜ் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்தது.

மலர் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வந்து, இரண்டே நாளில் கடைகளில் தீர்ந்தது. கடிதங்கள் கோணியில் வந்தன. வீரர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 'மனிதர்கள் வரைந்ததைவிட யந்திரம் வரைந்ததில்தான் உயிர் இருக்கிறது' என்று எழுதியிருந்தார் ஒரு பள்ளி டிராயிங் மாஸ்டர். ஜவுளிக்கடையில் புடவை எடுக்க வந்தவர்கள் பொன்ராஜிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அவன் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று போட்டுக் கொடுத்தான்.

தீபாவளியன்று வெள்ளைத்துரை இனிப்புப் பொட்டலமும் மலருமாக வந்தார்.

"பாத்தீரா மாப்ள, மிஷினே வரையுதாம். எப்பிடி வரைஞ்சிருக்கு பாரும். இனிமே உம்ம பொழப்பு என்னாகும்? பேசாம நம்ம கடையில வந்து உக்காரும்."

தனபாலன் அந்தப் பக்கத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கு மச்சான்."

தங்கபுஷ்பம் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். சொல்லிவிடுவாளோ என்று அவர் பயந்தார். அவள் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "அண்ணே, உங்க கடையில துவரம்பருப்புல புழு இருக்கு. அதப் பாருங்க மொதல்ல." வெள்ளைத்துரை பிறகு வெகுநேரம் பருப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சங்கரனிடமிருந்து ஆள் வந்தது. பொங்கலுக்கு மகாமூளை மறுபடியும் வர வேண்டுமாம். இந்த முறை மகாமூளையே கதாநாயகன். போய்ப் பார்த்தபோது சங்கரன் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"அந்தக் கண்ணுல கோடு நடுங்கறது பாத்தேளா? ஒரு பையன் எழுதியிருக்கான், மெஷினுக்குக் கை நடுங்குமான்னு. ஸ்கேலும் காம்பஸும் வெச்சே போட்டுடும். மனுஷா கைன்னு துளிக்கூடத் தெரியப்படாது."

தனபாலன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். வரும் வழியில் ஒரு இரும்பு ஸ்கேல் வாங்கினார். வீட்டில் பலகையை மடியில் வைத்து, காகிதத்தைக் குத்தி, முதல் பக்கத்தைப் போட ஆரம்பித்தார். கோடுகள் கம்பி இழுத்தமாதிரி வந்தன. காம்பஸ் சுற்றிய கண், கிணற்று மூடிபோல வட்டமாக முழித்தது.

தங்கபுஷ்பம் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது யாரு வரைஞ்சது?"

"மிஷினு," என்றார் அவர். ஸ்கேல் நகர்ந்துவிடாமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த கோட்டை இழுத்தார்.