அக்கா காப்பாற்றிய டோபிகானா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லவிதமாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அக்காவைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுத முடியும். மற்றவர்களைப் பற்றி, என்னையும் சேர்த்து, அப்படி எழுத என்னால் ஆகாது.

அக்கா பிறந்தது பள்ளிப்பட்டில். துணி வெளுக்கும் குடும்பம். மூத்த பிள்ளை அவர், கடைசி நான். திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டு, சில ஆண்டுகளிலேயே மாமாவைப் பறிகொடுத்தார். பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்துவிடு என்று எங்கள் நைனா கூப்பிட்டபோது, "எனுக்கு அங்க ஒரு கல்லு கீது நைனா, நான் பொயச்சிக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தக் கல், திருவள்ளூர் பழைய ஊருக்குள் இருக்கும் டோபிகானாவில் மாமா துவைத்த கல். டோபிகானா என்பது ஊர்ப் பொதுச் சலவைக்கூடம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஓட்டுக் கூரை, இரண்டு வரிசையாகத் துவைகல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொட்டி, பின்னால் கிணறு. ஒரு குடும்பத்துக்கு ஒரு கல். ஒருவர் கல்லில் இன்னொருவர் துவைப்பதில்லை. வீட்டுக்கு வீடு மெஷின் வந்து வேட்டி சேலை வரத்து நின்றபோது, அக்கா கும்மிடிப்பூண்டி கம்பெனி யூனிஃபார்ம்களை வாங்கி வந்து வெளுத்தார். கிரீஸும் இரும்புத் தூளும் ஏறிய அந்தத் துணியைப் போட்டால் மெஷின்தான் கெடும். அதை வெளுத்துத்தான் என்னை ஐடிஐ படிக்க வைத்தார். இன்று அதே மாதிரி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போகிறேன்.

டோபிகானாவை இடித்துக் கடைகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அக்கா நகரவில்லை. மனு எழுத என்னைக் கூப்பிட்டார். தன் கல்லின் மேல் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

முடித்ததும், "தண்ணிய எய்தினியாடா?" என்று கேட்டார்.

"டோபிகானான்னாலே தண்ணிதானக்கா. அத வேற தனியா எய்துவாங்களா?" என்றேன்.

படித்தவன் என்ற திமிர். 'பழமையான இக்கட்டடத்தையும் துவைகற்களையும் பாதுகாத்துத் தர வேண்டும்' என்று எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். அக்கா கைநாட்டு வைத்தார். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

கடைசியில் கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்டதை மட்டும் கொடுத்தார்கள். ஓடு மாற்றினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், கற்களைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார்கள். ஈரம் சுவரை அரிக்கும் என்று கிணற்றை மூடிக் குழாயை அறுத்தார்கள். உள்ளே துவைக்கத் தடை என்று பலகை வைத்தார்கள். அக்கா போய்க் கேட்டபோது அதிகாரி மரியாதையாகவே பேசினார். மனுவை நீட்டி, "நீங்க கேட்டபடிதாம்மா பண்ணியிருக்கோம். தண்ணின்னு இதுல எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திறப்பு விழாவுக்கு அக்காவையும் அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, அவர் கல்லின் முன் நிறுத்தி, துவைப்பது போல் போட்டோ எடுத்தார்கள். கையில் கொடுத்தது கடையில் வாங்கிய புது வேட்டி. காய்ந்த துணியை அக்கா தலைக்கு மேல் ஓங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன்பின் கும்மிடிப்பூண்டியில் என் வீட்டில் இருந்தார். பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரில் என் யூனிஃபார்மைத் துவைப்பார். என் மேல் கோபமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நெஞ்சுச்சளி முற்றிப் படுத்த பிறகு ஒருநாள் அவராகவே, "படிச்சவன் சொல்றானேன்னு உட்டுட்டேன்டா. நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்" என்றார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. டோபிகானாவில் துவைத்தவர் இறந்தால், காரியத்துக்கு முன், அவர் கடைசியாக உடுத்தியதை அவருடைய கல்லிலேயே அடித்து அலச வேண்டும். அக்காவின் சேலையோடு போனேன். கேட்டில் காவலாளி, "தப்பா நெனச்சிக்காதண்ணா. உள்ள ஒரு சொட்டு தண்ணி உட்டாலும் என் வேல பூடும். பாக்கறதுன்னா பாத்துட்டுப் போ" என்றார். பார்த்துவிட்டு வந்தேன்.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும், தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும் நன்றி. டோபிகானாவுக்கு எதிர்வீட்டு அம்மா, சேலையும் கையுமாக நின்ற என்னைக் கூப்பிட்டு, இரண்டு குடம் தண்ணீர் கொடுத்துத் தன் வாசலிலேயே அலச விட்டார். அவருக்குத் தனியாக நன்றி.

இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்தத் திறப்பு விழாப் படம்தான். அக்கா துவைக்கும் படம் எங்களிடம் வேறு இல்லை. படம் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தயவுசெய்து அக்காவின் காலடியைப் பாருங்கள். தரை காய்ந்து கிடக்கிறது. அங்கே இருக்க வேண்டிய தண்ணீரை எழுதாமல் விட்டவன், அவருடைய தம்பி.