ஆட்டுக்கல்லில் தேங்கிய மழைத்தண்ணீர்

கூடலூரில் ரம்லத் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கொசுப்புழுக்காரி என்றால் தெரியும். பதினோரு வருஷமாக டார்ச் லைட்டோடு வீடு வீடாகப் போய், தொட்டி, டிரம், டயர் என்று ஒன்றுவிடாமல் எட்டிப் பார்ப்பது அவள் வேலை. புழு இருந்தால் கொட்டச் சொல்வாள். இல்லையென்றால், கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவாள். இன்னமும் தினக்கூலிதான். ஒரே ஒரு புகார் போதும், நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடலாம். புருஷன் மவுத்தான பிறகு அவளும் மகளும் கஞ்சி குடிப்பதே அதில்தான்.

புதன்கிழமை அவள் குடியிருக்கும் தெருவின் முறை. முதல் கையெழுத்து சொந்த வீட்டு அட்டையில், டீ குடித்துக்கொண்டே. நம்ம வீட்டைப் போய் டார்ச் அடித்துப் பார்க்கணுமாக்கும்! உபதேசம் ஊருக்குத்தானே.

அடுத்த வீட்டுப் பாண்டீஸ்வரியின் மகள் விஜியை டெங்கு என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றைக்குத்தான் ரம்லத் தன் கொல்லைப்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். சாய்த்து வைத்த ஓட்டைத் தகரத்துக்கு அடியில் பழைய ஆட்டுக்கல். குழி நிறைய மழைத்தண்ணீர், அதில் நெளிநெளியென்று புழு. அடிப் பாவி மகளே என்று தன்னையே திட்டிக்கொண்டு கல்லைப் புரட்டிப் போட்டாள். பறந்துபோன கொசுவை என்ன செய்ய?

மறுநாள் காலை சுகாதார ஆய்வாளர் வந்து தெருவையே சல்லடை போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த பாண்டீஸ்வரி, தன் வீட்டு டிரம் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எம்புள்ளைய நாந்தேன் படுக்க வச்சுட்டேன் சார். அக்கா வாராவாரம் மூடு மூடுன்னு சொன்னாக. நாந்தேன் கேக்கல."

டிரம்மில் புழு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கொசு உற்பத்தியான இடம் என்று ஆய்வாளர் அந்த வீட்டைத்தான் எழுதினார். பிறகு ரம்லத்திடம் திரும்பினார்.

"ஒங்க வீட்டையும் வாராவாரம் பாத்தீங்கள்லம்மா?"

உண்மை தொண்டை வரை வந்தது. ஸ்கூல் பையோடு வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"பாத்தேன் சார்."

சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

விஜி பிழைத்து வந்துவிட்டாள். குழாயில் தண்ணீர் வருவது நாலு நாளைக்கு ஒருமுறை. அப்படியிருந்தும் புதன்கிழமை விடிந்தால் பாண்டீஸ்வரி டிரம்மைக் கவிழ்த்துக் காயப்போட்டுவிடுகிறாள். விட்டுவிடு தாயே என்று சொல்ல ரம்லத்துக்கு வாய் ஏது? வேலையை விடவும் வழியில்லை. காய்ந்த டிரம்முக்குள் டார்ச் அடித்துக் குனிந்தே நிற்கிறாள்.

"நல்லாப் பாருங்கக்கா," என்கிறாள் பாண்டீஸ்வரி. "அன்னைக்கு நீங்க என்னைய ஒரு வார்த்த வையல. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"ஒண்ணுமில்லத்தா," என்று சொல்லிவிட்டு ரம்லத் அட்டையில் கையெழுத்துப் போடுகிறாள்.