குடிலுக்குக் கட்டின வேலி

கிறிஸ்து பிறக்கிற நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது என் மகள், "அப்பா, இந்தமுறை பாலன் குடிலுக்கு வேலி ஒண்டு கட்டித் தாங்கோ" என்று கேட்டாள். பங்குக் கோயிலில் வீட்டுக் குடில்களுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். போதாததற்கு, போன வருடம் எங்கள் பூனை குடிலுக்குள் புகுந்து பொம்மை ஆட்டுக்குட்டியொன்றைக் கவ்விக்கொண்டுபோய் அலுமாரிக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தது. வேலி தேவைதான். ஆனால் அந்த நாட்களில் நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னாள். பாலனைப் பார்க்க வந்த மூன்று இராசாக்களின் திருநாள் முடிந்த மறுநாள் வவுனியாவில் போய்ச் சேரவேண்டும். தாய் அழுதாள், பிறகு சம்மதித்துவிட்டாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அப்பா கொண்டுவந்து விட்டால்தான் போவன். இல்லாட்டிப் போகமாட்டன்" என்று அவளும் சொல்லிவிட்டாள். அதுதான் பொல்லாத கதை. சண்டை பிடித்துக்கொண்டு போயிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு இருந்திருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். முடிவை என் தலையில் கட்டிவிட்டு அவள் தன்பாட்டில் திரிந்தாள்.

ஆண்டவர் கூப்பிடுகிறார் என்றால் எங்கள் கரையில் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. நானும் ஞாயிறு பூசை தவறாதவன். சிலுவை அடையாளம் போடாமல் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை. அதனால் வெளியே சொல்லாமல், உள்ளுக்குள் அந்தப் பாலனோடு கோபமாக இருந்தேன். பாவம் என்பார்கள். இருந்தேன், அவ்வளவுதான்.

மார்கழியில் முல்லைத்தீவுக் கடலில் படகு இறக்க முடியாது. கடல்நீர் ஏறி நிற்கிற களப்பில்தான் மீன்பிடித் தொழில். அந்தக் கிழமை மழை களப்புக்கும் போக விடாமல் பெய்தது. முன்னறை மூலையில் மகள் கடற்கரை மணலைப் பரப்பி, ஓலையால் கொட்டில் போட்டு, மாதாவையும் சூசையப்பரையும் வைத்திருந்தாள். மூன்று இராசாக்கள் தூரத்தில், டிவிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, திருநாளன்றுதான் குடிலுக்குள் கொண்டுவருவது எங்கள் வீட்டு வழக்கம்.

வளவு வேலியில் நின்ற கிளுவை மரத்தில் மெல்லிய கொப்புகளாகப் பார்த்து வெட்டிச் சீவினேன். குடிலைச் சுற்றி மணலில் ஒவ்வொன்றாக ஊன்றினேன். கிழிந்த இறால் வலையில் ஒரு துண்டை எடுத்துக் கம்புகளோடு சேர்த்து முடிந்தேன். யோசித்துச் செய்யவில்லை. மனம் வேறெங்கோ நிற்க, கை தன்பாட்டில் வேலை செய்தது. முன்னால் வாசல் விட்டு, அதை உள்ளுக்கு ஒடுக்கி, இரண்டு பக்கமும் வேலியை வெளியே சரித்து நீட்டிவிட்டேன். பார்வைக்கு வடிவாகத்தான் இருந்தது.

நத்தாருக்கு அடுத்த நாள் பின்னேரம் பங்குச் சுவாமி குடில் பார்க்க வந்தார். களப்பில் என்னோடு கூட்டாகத் தொழில் செய்கிற நண்பனும் கோயில் சபையில் இருப்பதால் கூடவே வந்தான். சுவாமி மலைநாட்டுக்காரர், வலைத்தொழில் அறியாதவர். "வேலி நல்ல வடிவு" என்றார். நண்பன் குந்தியிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சுவாமி, இது வேலியில்லை. இது சிறகுவலை!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். களப்பில் நாங்கள் கம்பு ஊன்றி இப்படித்தான் வலை கட்டுவோம். சிறகு இரண்டும் விரிந்து நிற்கும். அவற்றோடு ஒட்டி வருகிற மீனும் இறாலும் வாய்க்குள் நுழைந்து கூட்டுக்குள் போய்விடும். வாய் உள்ளுக்கு ஒடுங்கியிருப்பதால் திரும்பி வர வழி தெரியாது. குடிலைச் சுற்றி நான் கட்டியிருந்தது அச்சொட்டாக அதேதான்.

"மச்சான், மூண்டு ராசாக்களும் உள்ளுக்கை போனால் சரி, பிறகு வெளியாலை வரேலாது. விடிய வந்து அள்ளவேண்டியதுதான்!" என்றான் நண்பன்.

சுவாமி சிரித்தார். மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கம் தாங்காமல் நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றவள் வேலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர்கள் போனபிறகு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, ராசாக்கள் வந்த வழியாலை திரும்பிப் போகேல்லை."

"தெரியும்" என்றேன். பாலனைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனுக்குத் தெரியாமல் அவர்கள் வேறு வழியால் ஊர் திரும்பியதை வருடாவருடம் பூசையில் கேட்கிறவன்தானே.

"அப்ப அந்த வழியை எங்கை விட்டிருக்கிறியள்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை. "நீ போனால் எங்களுக்கு ஆர் இருக்கினம், பிள்ளை?" என்று கேட்டேன். அத்தனை நாளும் வாய்க்குள்ளேயே கிடந்த கேள்வி. அவள் என் தோளில் தலையை வைத்து அழுதாள். வேலியை இருவரும் தொடவில்லை.

அதன்பிறகு இராசாக்கள் டிவியடியிலிருந்து கதிரையடிக்கு வந்தார்கள், கதிரையடியிலிருந்து மணல் ஓரத்துக்கு வந்தார்கள். அவர்கள் கிட்டக் கிட்ட வர, அவள் போகும் நாளும் கிட்ட வந்தது. ஒருநாள் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மூவரையும் ஒரு சாண் பின்னுக்கு வைத்தேன். வயது போன மனிதன் செய்கிற வேலையா? மத்தியானம் பார்த்தால் பழைய இடத்தில் நின்றார்கள். மகளின் வேலைதான்.

திருநாள் காலை, பூசை முடிந்து வந்து, அவள் மூன்று இராசாக்களையும் வாசலால் உள்ளே கொண்டுபோய்ப் பாலனுக்கு முன்னால் வைத்தாள். பிறகு குசினிக்குப் போய்விட்டாள். நான் குடிலடியில் குந்தியிருந்தேன். பாலன் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு கிடந்தார். கேட்கிற கைதான் அது, வேறென்ன.

சின்னக் கத்தியொன்றை எடுத்துவந்தேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கிழிந்த வலையைப் பொத்தித்தான் பழக்கம், எந்த வலையையும் வேண்டுமென்று அறுத்ததில்லை. கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு கம்புகளைப் பிடுங்கி, இடையில் நின்ற வலையை மேலிருந்து கீழாக அறுத்தேன். மணலைத் தடவிச் சமப்படுத்திவிட்டு, குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டேன்.

"பிள்ளை, நாளைக்கு வவுனியா பஸ் எத்தினை மணிக்கு?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. தாயும் மகளும் ஒன்றாக எட்டிப் பார்த்தார்கள். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் அவளை மடத்தில் விட்டேன். வாசலில் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் கேட்டாள், தலையில் கை வைத்தேன். வீட்டுக்கு வந்து குடிலைக் கழற்றக் குனிந்தபோது, பாலனுக்கு முன்னால் இராசாக்கள் இல்லை. நான் திறந்த வழியால் அவர்களை வெளியே கொண்டுவந்து, மணல் ஓரத்தில் வரிசையாக, போகிற திசை பார்க்க வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் மூவரையும் ஒவ்வொருவராகத் திருப்பி, வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள்போல முகம் உள்ளே பார்க்க வைத்தேன்.