ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்திய பொன்னாடை

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, முப்பது வயதில் எடமலைப்பட்டி புதூரில் ஒரு சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தேன். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துக்கொள்ளலாம். அதுதான் அப்போது என் வீடு.

முதலாளிக்கு வார்டு விழா ஒன்றில் யாரோ பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அன்று பிடித்தது கிறுக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பளபளக்கும் பாலியஸ்டர் துணியை ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்துவார். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்ற, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் அலுமினியத் தகடுகள் இருக்கும். சரியாக அவற்றின் மேல்தான் ஜரிகை தொங்கும். போதாததற்கு, யாராவது சத்தம் பத்தவில்லை என்றால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்களை அதே ஒயரில் முறுக்கிவிடுவார். அந்தச் சுமையையும் டிரான்சிஸ்டர்தான் தாங்க வேண்டும்.

ஒரே மாதத்தில் இரண்டு முறை டிரான்சிஸ்டர் போனது. நான்தான் மாற்றினேன். கரண்ட் தகட்டுக்குப் பாயாமல் இருக்க அடியில் வைக்கும் மைக்காத் தாளில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சூடு கடத்தும் பசை தடவி, திருகை இறுக்கினேன். என்ன செய்து என்ன? ஒரு மணி நேரம் பாடினால் தகட்டில் விரல் வைக்க முடியாது.

"துணிய எடுங்கண்ணே. சூடு வெளிய போக வழியில்லாமத்தான் சாகுது."

"இருபது வருஷமா ஃபீல்டுல இருக்கேன், எனக்குப் பாடம் எடுக்கிறியா? உன் கை ராசி அப்படி. இன்னொரு தடவ போச்சுன்னா பாயச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பு."

அந்த இருபது வருஷத்தில் அவர் கற்றது, செத்ததை எறிந்துவிட்டுப் புதிதைப் போடுவது. ஏன் செத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த கல்யாணம் ஸ்ரீரங்கத்தில். காலையில் அவர் பெண் வீட்டாரிடம் பெருமை அளக்கப் போனதும், கூடுதல் ஸ்பீக்கர்களைக் கழற்றினேன். பொன்னாடையை மடித்து ஒரு நாற்காலியில் வைத்தேன். முகூர்த்தம் முடிந்து மூன்றாம் பந்தியும் எழுந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை.

அப்போதுதான் முதலாளி வந்தார். பெண்ணின் தாய்மாமா பொன்னாடை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செஞ்ச மரியாதைய எவன்டா நாற்காலியில போட்டது?"

"நான்தாண்ணே. பாட்டு நிக்கல, பாருங்க."

"பாட்டு கெடக்குது. நீ கெளம்பு."

போவதற்கு முன் தகட்டில் விரல் வைத்தேன். பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை. வெதுவெதுப்புதான். பாயை எடுக்கப் புதூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அவர் வெற்றிலைக் கறையை உள்பக்கமாக மடித்து, துணியை மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்.